மலைமேல 3,500 கிலோ நெய்: எண்ணெயோட சக்தியை அளந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு நாம திருவண்ணாமலைக்குப் போறோம். கிரிவலம் பத்திப் பேச இல்ல, எண்ணெய் பத்திப் பேச. ஒரு கிலோ எண்ணெய்க்குள்ள எவ்வளவு சக்தி இருக்குன்னு மனுஷங்க எப்படி அளந்தாங்க, அளக்காமலேயே எப்படிக் கணிச்சாங்க, அந்த நம்பரை நம்பி எங்க கால் வெச்சாங்க. இதுதான் இன்னைக்குக் கதை.

இதுக்கு ஏன் திருவண்ணாமலைன்னா, ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு உங்க எல்லாருக்கும் தெரிஞ்சது, கார்த்திகை தீபம். இன்னொண்ணு நம்மள்ல பல பேர் மறந்துட்டது. 2000-களில் இந்த மாவட்டத்துல விவசாயிகள்கிட்ட "டீசல் காய்க்கிற செடி"ன்னு ஒரு செடியைக் குடுத்தாங்க. ரெண்டுமே எண்ணெய்க் கணக்குதான்.

கொப்பரைக் கணக்கு

முதல்ல தீபம். மலை உயரம் 2,668 அடி. கார்த்திகை மாசத் திருவிழாவோட 10-ஆம் நாள் சாயங்காலம் உச்சியில மகா தீபம் ஏத்துறாங்க. அதுக்காக ஆளுயரக் கொப்பரையை மேல தூக்கிட்டுப் போறாங்க. பல வருஷமா செய்திகள்ல வர்ற கணக்கு 3,500 கிலோ நெய், 1,000 மீட்டர் காடா துணியில திரி. சில வருஷம் இதைவிட அதிகமாவும் போகும். 11 நாள் மலை உச்சியில தீபம் தெரியும்.

நான் ஒரு சின்ன கணக்குப் போட்டேன். ஒரு கிலோ நெய்யை முழுசா எரிச்சா சுமார் 39 மெகாஜூல் வெப்பம் வரும். 3,500 கிலோன்னா 1,36,500 மெகாஜூல். கரண்ட் பில் பாஷையில சொன்னா கிட்டத்தட்ட 38,000 யூனிட். மாசம் 200 யூனிட் ஓடுற வீட்டுக்கு இது ஏறக்குறைய 16 வருஷக் கரண்ட். பெட்ரோல் பங்க் பாஷையில சொன்னா சுமார் 3,600 லிட்டர் டீசல். அதாவது ஒரு கிலோ நெய்யும் ஒரு லிட்டர் டீசலும் சக்தியில கிட்டத்தட்ட சமம்! இதுல பெரும்பகுதி வெறும் சூடாத்தான் போகும், வெளிச்சமா மாறுறது ரொம்பக் கொஞ்சம். ஆனாலும் எண்ணெய் எவ்வளவு கெட்டியான எரிபொருள்னு புரிஞ்சுக்க இது போதும்.

சரி, அந்த 39 எங்கிருந்து வந்துச்சு? அதுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த நம்பர் இல்லாத காலத்துல என்ன பண்ணாங்கன்னு பார்ப்போம்.

96 ஆடு = 1 விளக்கு

சோழர் காலத்துக் கோவில் கல்வெட்டுகள்ல திரும்பத் திரும்ப வர்ற விஷயம் நந்தா விளக்கு. அணையாம எரியணும்னு ஒருத்தர் கோவிலுக்கு எழுதி வைக்கிற விளக்கு. திருவண்ணாமலைக் கோவில் சுவர்கள்லயும் விளக்குக் கொடைகள் இருக்கு. பல கல்வெட்டுகள்ல ஒரு விளக்குக்கு 96 ஆடுன்னு ஒரு நம்பர் வரும், சில இடத்துல 90. தினம் ஒரு உழக்கு நெய் கோவிலுக்கு வரணும்.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள்ல இது ஒரு மாற்று அட்டவணையாவே இருக்கு. 96 ஆடு, இல்லன்னா 48 பசு, இல்லன்னா 16 எருமை. அதாவது ஒரு பசு ரெண்டு ஆட்டுக்குச் சமம், ஒரு எருமை ஆறு ஆட்டுக்குச் சமம். கவனிங்க, இவங்க நெய்யோட சக்தியை அளக்கல. ஒரு விளக்கு எரிய தினம் எவ்வளவு நெய் வேணும், அந்த நெய் தவறாம வர எத்தனை உயிர் பின்னாடி நிக்கணும்னு அளந்தாங்க.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைக்கிற பேரு "சாவா மூவாப் பேராடு". சாகாது, கிழடாகாது. மாயம் எல்லாம் இல்ல, அது ஒரு ஒப்பந்த விதி. செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி சேர்ந்துடணும், எண்ணிக்கை எப்பவும் 96-ஆ நிக்கணும். மந்தையை வாங்கிக்கிற இடையர் தினம் நெய் அளக்கணும். அதுக்கு மேல வர்ற பாலும் குட்டியும் அவருக்குன்னுதான் ஆய்வாளர்கள் பொதுவா வாசிக்கறாங்க. ரொம்ப நியாயமான ஒப்பந்தம்னு உடனே கொண்டாட வேண்டாம். நோய் வந்து மந்தை அழிஞ்சாலும் நெய் அளக்கிற கடமை அந்தக் குடும்பத்து மேலதான். அதனால 96-ங்கிற நம்பரோட இந்தக் கேள்வியையும் ஞாபகம் வெச்சுக்குங்க: கணக்கு தப்பினா யார் தலையில விழும்?

குண்டுக்குள்ள ஒரு கிராம்

இப்போ 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். 1880-களில் மார்செலின் பெர்த்தலோங்கிற வேதியியலாளர் ஒரு கருவியைக் கொண்டு வர்றார். பேரே பாம் கலோரிமீட்டர். வெடிக்கிற பாம் இல்ல, வெடிக்காம இருக்கிற அளவுக்குத் தடிச்ச இரும்புக் குடுவை.

வேலை செய்யற விதம் சிம்பிள். ஒரு கிராமுக்குள்ள எண்ணெய் எடுத்து ஒரு சின்ன கிண்ணத்துல வைக்கணும். குடுவையை மூடி, உள்ள ஆக்சிஜனை சுமார் 25, 30 மடங்கு காற்றழுத்தத்துல அடைக்கணும். குடுவையை அளந்த தண்ணிக்குள்ள இறக்கணும். ஒரு மெல்லிய கம்பியில கரண்ட் விட்டா எண்ணெய் ஒரே நொடியில முழுசா எரிஞ்சுடும். தண்ணியோட வெப்பநிலை ரெண்டு மூணு டிகிரி ஏறும். எவ்வளவு ஏறுச்சுங்கிறதுதான் பதில். கருவி சரியா இருக்கான்னு பார்க்க முதல்ல பென்சாயிக் அமிலத்தை எரிப்பாங்க. அது கிலோவுக்கு 26.4 மெகாஜூல்னு உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட நம்பர். நம்ம கடையில தராசுக்கு முத்திரைப் படிக்கல் மாதிரி.

இந்தக் கருவி நேர்மையானது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், புங்க எண்ணெய், இலுப்பெண்ணெய்னு எதைப் போட்டாலும் பெரும்பாலும் 39-லிருந்து 40-ஐ ஒட்டி நிக்கும். டீசல் 45, 46. பயோடீசல் 40 பக்கம். எடைக்கு எடை பார்த்தா பயோடீசல் டீசலைவிட 12 சதவீதம் வரைக்கும் கம்மி. ஆனா பயோடீசல் கொஞ்சம் கனமான திரவம், அதனால லிட்டருக்கு லிட்டர் பார்த்தா வித்தியாசம் 8 சதவீதம் பக்கம்தான்.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை. நெட்டுல தேடினா ஒரே எண்ணெய்க்கு 40-ன்னும் இருக்கும், 37-ன்னும் இருக்கும். ரெண்டும் சரியா இருக்கலாம். எரியும்போது உண்டாகுற நீராவி திரும்பத் தண்ணியாகும்போது விடுற வெப்பத்தையும் சேர்த்தா பெரிய நம்பர், சேர்க்கலன்னா சின்ன நம்பர். இன்ஜின்ல நீராவி புகைக்குழாய் வழியா போயிடுது, அங்க சின்ன நம்பர்தான் நிஜம். எரிபொருள் விளம்பரம் எதைப் பார்த்தாலும், எந்த நம்பர்னு கேளுங்க.

கலப்பட வெண்ணெயைப் பிடிக்கப் போன டெஸ்ட்

பாம் கலோரிமீட்டர் விலை அதிகம், வேலையும் நுணுக்கம். அது இல்லாம நம்பரைக் கணிக்க முடியுமா? முடியும். அதுக்கான சாவி கிடைச்சது எரிபொருள் லேப்ல இல்ல, கலப்படம் பிடிக்கிற லேப்ல.

1879-ல கோட்ஸ்டார்ஃபர்ங்கிறவர் வெண்ணெயில வேற கொழுப்பு கலந்திருக்கான்னு பார்க்க ஒரு வழி சொன்னார். ஒரு கிராம் கொழுப்பை சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் காரம் வேணும்? அதுதான் சோப்பாக்கும் எண். வெண்ணெய், நெய்க்கு 225-ஐ ஒட்டி வரும். மாட்டுக்கொழுப்புக்கு 195 பக்கம்தான் வரும். நம்பர் இறங்கினா கலப்படம். 1884-ல ஹியூபிள்ங்கிறவர் இன்னொரு டெஸ்ட் கொண்டு வந்தார். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை இழுத்துக்கும்? அது அயோடின் எண்.

இந்த ரெண்டுக்கும் சக்திக்கும் என்ன சம்பந்தம்? ஒரு எண்ணெய் மூலக்கூறை நீளமான மூணு வால் வெச்ச ஜந்துன்னு நினைச்சுக்குங்க. வால் முழுக்க கார்பன், ஹைட்ரஜன். எரியறது அதுதான். தலையில ஆக்சிஜன் இருக்கு. ஆக்சிஜன் ஒட்டின பகுதின்னா ஏற்கனவே பாதி எரிஞ்ச விறகு மாதிரி. வால் குட்டையா இருந்தா ஒரு கிராமுக்குள்ள தலைங்க அதிகம், காரம் அதிகம் செலவாகும், சோப்பாக்கும் எண் ஏறும், சக்தி இறங்கும். தேங்காய் எண்ணெய் அப்படித்தான். வால்ல ஹைட்ரஜன் கொஞ்சம் குறைஞ்ச இடங்கள்லதான் அயோடின் போய் உக்காரும். அதனால அயோடின் எண் ஏறினாலும் சக்தி லேசா இறங்கும்.

1998-ல துருக்கியைச் சேர்ந்த அய்ஹான் டெமிர்பாஷ் இதை ஒரே வரிச் சூத்திரமா எழுதினார். 49.43-லிருந்து, சோப்பாக்கும் எண்ணை 0.041-ஆல பெருக்கிக் கழிங்க, அயோடின் எண்ணை 0.015-ஆல பெருக்கிக் கழிங்க. மிச்சம் வர்றது கிலோவுக்கு எத்தனை மெகாஜூல்ங்கிற கணிப்பு.

போட்டுப் பார்ப்போமா? கடலை எண்ணெய்க்கு சோப்பாக்கும் எண் 190, அயோடின் எண் 93-ன்னு வெச்சா 40.2 வருது. தேங்காய் எண்ணெய்க்கு 257, 9-ன்னு போட்டா 38.8. நெய்க்கு 39.6. நெய்யை நிஜமா குண்டுக்குள்ள எரிச்சா 39-க்குக் கொஞ்சம் கீழதான் வரும், சூத்திரம் அங்க லேசா கூட்டிச் சொல்லுது. ஆனாலும் ரெண்டு சின்ன டெஸ்ட்டை வெச்சு இவ்வளவு கிட்ட வர்றது அசத்தல்தான்.

சூத்திரம் வழுக்குற ஒரு எண்ணெய் இருக்கு, ஆமணக்கு. நம்ம ஊர்ல அதோட பேரே விளக்கெண்ணெய்! ஆமணக்கு எண்ணெயோட வால்ல நடுவுல ஒரு ஆக்சிஜன் கூடுதலா ஒட்டியிருக்கு. காரத்துக்கும் அது தெரியாது, அயோடினுக்கும் தெரியாது. அதனால சூத்திரம் 40.8-ன்னு பெருமையா சொல்லும், குண்டுக்குள்ள எரிச்சா தெளிவா குறையும். ஒரு கணிப்பு எதை எல்லாம் பார்க்கலயோ, தப்பும் அங்கிருந்துதான் வரும். இதுதான் அடுத்த பகுதிக்கு நம்ம டார்ச் லைட்.

கடலையா, காட்டாமணக்கா?

1900-ல பாரிஸ் உலகக் கண்காட்சியில ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில ஓடுச்சு. பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கிட்டதால அதை ஓட்டினாங்கன்னு ருடால்ஃப் டீசலே பின்னாடி எழுதியிருக்கார். அந்தக் காலத்துல தென்னாற்காடு பக்கத்துக் கடலை பாண்டிச்சேரி துறைமுகம் வழியா மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறிட்டு இருந்துச்சு. இன்னைக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துல கடலை முக்கியமான பயிர்.

நூறு வருஷம் தாண்டி, 2003-க்கு வருவோம். திட்டக்குழுவோட பயோஎரிபொருள் அறிக்கை வெளியாகுது. இந்தியாவோட டீசல்ல 20 சதவீதம் பயோடீசல் கலக்கணும், அதுக்கு ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல காட்டாமணக்கு நடணும்னு கணக்கு. தரிசு நிலத்துல வளரும், தண்ணி வேண்டாம், ஆடு மாடு மேயாது. குடியரசுத் தலைவரா இருந்த அப்துல் கலாம் உட்பட பல பேர் இதை ஆர்வமா பேசினாங்க. தமிழ்நாட்டுல மானியம், கடன், தனியார் கம்பெனிகளோட ஒப்பந்த சாகுபடின்னு வேகம் எடுத்துச்சு.

அந்த அறிக்கையோட கணக்கைப் பிரிச்சுப் பார்ப்போம். ஹெக்டேருக்கு 2,500 செடி. செடிக்கு 1.5 கிலோ விதை. ஆக 3.75 டன். அதுல எண்ணெய் சுமார் 1.2 டன். கிலோவுக்கு 40 மெகாஜூல்னா ஒரு ஹெக்டேர் 48,000 மெகாஜூல் தரும். நம்ம மகா தீபத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல!

இதுல 40 சரியான நம்பர். காட்டாமணக்கு எண்ணெய்க்கு சூத்திரம் 39.9 சொல்லும், குண்டும் கிட்டத்தட்ட அதையே சொல்லும். கெட்டி எண்ணெயைப் பயோடீசலா மாத்துற வேதியியலும் சரி. கவுத்தது அந்த 1.5 கிலோ. காட்டாமணக்கு ஒரு காட்டுச் செடி, வேலிச் செடி. நெல், கடலை மாதிரி தலைமுறை தலைமுறையா விதை பொறுக்கிப் பழக்கின பயிர் இல்ல. வறண்ட நிலத்துல உயிரோட நிக்கும்ங்கிறது வேற, வறண்ட நிலத்துல காய்க்கும்ங்கிறது வேற. அந்த வித்தியாசத்தைப் பெரிய அளவுல வயல்ல வெச்சு அளந்து பார்க்கறதுக்கு முன்னாடியே நாத்து விவசாயி கைக்குப் போயிடுச்சு.

விளைவை அளந்தவங்க இருக்காங்க. பெரே அரிசா-மொன்டோபியோ, ஷரத்சந்திர லெலே ரெண்டு பேரும் கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள்ல காட்டாமணக்கு நட்ட விவசாயிகளை ஆய்வு பண்ணி 2010-ல வெளியிட்டாங்க. சுருக்கம் இதுதான்: விளைச்சல் சொன்னதைவிட ரொம்பக் குறைவு, சாகுபடி கட்டுப்படியாகல, கட்டுப்படியாகணும்னாலும் தண்ணி வேணும். கிணறும் வசதியும் இருக்கிறவங்க தாங்கினாங்க. ஏழை விவசாயி இன்னும் ஏழையானார்.

ஏன்னு புரிய கடலையோட ஒப்பிட்டுப் பாருங்க. எண்ணெயோட சக்தியில ரெண்டும் ஒண்ணு, 40.2-உம் 39.9-உம். ஆனா கடலை சுமார் நாலு மாசத்துல வீட்டுக்கு வரும். எண்ணெய் போக பிண்ணாக்கு மாட்டுக்கு, கொடியும் மாட்டுக்கு. மார்க்கெட்ல விலை சரியில்லன்னா வீட்டுலயே ஆட்டிச் சாப்பிடலாம். காட்டாமணக்கு நல்லா காய்க்கவே மூணு வருஷம் ஆகும். பிண்ணாக்கு விஷம், மாடு தொடாது. எண்ணெயை மனுஷங்க சாப்பிட முடியாது. வாங்க வர்றேன்னு சொன்னவங்க வரலன்னா அந்த விதையை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மெகாஜூல் கணக்குல இது எதுவுமே தெரியாது.

தரிசுல என்ன இருந்துச்சு?

இன்னொரு கணக்கும் இருக்கு, இது சாத்தூர் பக்கம். தரிசு, தரிசுன்னு சொன்னாங்களே, அந்த நிலம் நிஜமாவே சும்மா கிடந்துச்சா? ஜெனிஃபர் பாகா, ராபர்ட் பெய்லிஸ் ரெண்டு பேரும் 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அங்க "தரிசு"ல நின்னது நம்ம எல்லாரும் திட்டுற சீமைக்கருவேலம். அதை வெட்டி விறகாவும் கரியாவும் வித்துத்தான் பல குடும்பம் பிழைச்சுது. அதுல கிடைக்கிற பயனுள்ள சக்தி, அதே நிலத்துல காட்டாமணக்கு நட்டா கிடைக்கிறதைவிட 2.5 மடங்குல இருந்து 10.3 மடங்கு வரைக்கும் அதிகம்னு அவங்க கணக்கு.

சீமைக்கருவேலத்துக்கு வக்காலத்து வாங்கல. ஆனா சக்திக்காகன்னு சொல்லித் தொடங்கின ஒரு திட்டம், ஏற்கனவே அங்க இருந்த சக்தியைக் கணக்குலயே எடுக்கல. தரிசுங்கிற ஒரு வார்த்தை அங்க இருந்ததைப் பூஜ்ஜியமாக்கிடுச்சு.

அளவுக்குப் பின்னாடி நிக்கிற ஆள்

2009-ல வந்த தேசியக் கொள்கை 2017-க்குள்ள 20 சதவீதம்னு இலக்கு வெச்சுது. 2018 கொள்கை அதை 2030-க்குள்ள 5 சதவீதம்னு இறக்குச்சு. நிஜத்துல டீசல்ல கலந்தது பல வருஷமா 1 சதவீதத்தைக்கூடத் தொடல.

இப்போ கவனம் வேற பக்கம் திரும்பியிருக்கு. நம்ம பஜ்ஜி, பூரி பொரிச்ச எண்ணெய். 2018-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொரிச்ச எண்ணெய்க்கு ஒரு எல்லை வெச்சுது, கெட்டுப்போன துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினா அதுல சமைக்கக் கூடாது. அப்படி ஒதுக்கின எண்ணெயைச் சேகரிச்சுப் பயோடீசல் பண்ற திட்டமும் அதே வருஷம் வந்துச்சு. நல்ல யோசனைதான். பல தடவை பொரிச்ச எண்ணெய் ஆக்சிஜனை ஏத்திக்கிட்டதால சக்தி கொஞ்சம் குறையும், ஆனா பெரிசா இல்ல. லேப் கேள்வி அங்கேயும் சுலபம்தான். கஷ்டமான கேள்வி வேற: ஒரு தள்ளுவண்டிக்காரர் மீந்த எண்ணெயை யாருக்குக் குடுப்பார், என்ன விலைக்குக் குடுப்பார், அடுத்த வாரமும் அந்த வண்டி வருமா?

சோழர் கல்வெட்டு எழுதினவருக்கு மெகாஜூல் தெரியாது. ஆனா அவர் விளக்கிலிருந்து பின்னாடி நடந்து நெய், பால், ஆடு, ஆட்டுக்குப் பொறுப்பான ஆள் வரைக்கும் போய் ஒவ்வொண்ணையும் கல்லுல வெட்டினார். அந்த ஆள் மேல முழுப் பாரத்தையும் ஏத்தினார்ங்கிறதும் உண்மை. 2003 அறிக்கை எழுதினவங்களுக்கு மெகாஜூல் நல்லா தெரியும். விவசாயி மேல பாரம் விழுந்துச்சு, ஆனா அவர் பேர் எந்தக் கணக்குலயும் இல்ல.

அதனால அடுத்த தடவை யாராவது பாசி எண்ணெய், புங்கம், புதுசா ஒரு அதிசயச் செடின்னு வந்து கிலோவுக்கு இத்தனை மெகாஜூல்னு சொன்னா, அந்த நம்பரை நம்புங்க. அது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். நம்பிட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. ஒரு ஏக்கர்ல, அங்க இருக்கிற தண்ணியில, நிஜமா எத்தனை கிலோ? வரலன்னா நஷ்டம் யாருக்கு?

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க ஊர் செக்கு, விளக்கு, எண்ணெய்க் கணக்கு ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.